டவாலியின் தொண்டையும் முன்சீப்பின் தலைவலியும்

முப்பத்தாறு வருஷம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எனக்குப் பின்னால் கொஞ்ச வருஷத்தில் ஹிஸ்டீரியாவும் ஓய்வு பெற்றுவிட்டதாம். ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போன இடத்தில் என் மகன் வயதுள்ள மனநல டாக்டர் ஒருவர் இதைச் சொன்னார். "அந்தப் பேரே இப்ப புத்தகத்துல இல்லைங்க சிஸ்டர், எடுத்துட்டாங்க" என்றார். அதற்குப் பென்ஷன் உண்டா என்று கேட்டேன். சிரித்தார். சிரித்த வாயோடு, "அந்தக் காலத்து கேஸ் ஒண்ணு எழுதிக் குடுங்களேன், எங்க பசங்க படிக்கட்டும்" என்றும் சொல்லிவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

இப்போது அந்த நோயை இரண்டாகப் பிரித்து இரண்டு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்று சொமட்டோஃபார்ம், இன்னொன்று டிசோசியேட்டிவ். டாக்டர் எனக்கு விளக்கியது இவ்வளவுதான். மனசு தாங்காததை உடம்பு வலியாகவும் எரிச்சலாகவும் எடுத்துக்கொள்வது முதல் வகை. மனசு தன்னிடமிருந்தே ஒரு பாகத்தை, அது குரலோ காலோ ஞாபகமோ, துண்டித்து வைத்துவிடுவது இரண்டாவது வகை. இரண்டிலும் ஆள் நடிக்கவில்லை. நாங்கள் இதை ஒரு சொல்லில் அடைத்து, அந்தச் சொல்லையும் திட்டுகிற மாதிரிதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

1948இல், புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், ஆவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு திருச்சிக்குப் போய்ப் பயிற்சியில் சேர்ந்தேன். படுக்கை விரிக்க ஆறு மாதம் சொல்லிக் கொடுத்தார்கள். ஹிஸ்டீரியாவுக்கு அரை நாள். சொந்தக்காரர்களை வெளியே அனுப்பு, இரக்கம் காட்டாதே, முகத்தில் தண்ணீர் அடி என்பதுதான் பாடத்தின் சாரம். பரீட்சையில் அதை அப்படியே எழுதி நல்ல மார்க் வாங்கினேன். அந்த மார்க்கை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் புதுக்கோட்டைக்கும் கந்தர்வக்கோட்டைக்கும் இடையில் ஒரு சின்ன ஊரில் போஸ்டிங். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால், "இதில் வருகிற கோர்ட்டு ஹெட்கிளார்க்கின் பேரன் நான்தான்" என்று யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். பன்னிரண்டு படுக்கை ஆஸ்பத்திரி. ஒரே சுவருக்கு அங்கிட்டு முன்சீப் கோர்ட்டு, இங்கிட்டு நாங்கள்.

எங்கள் டாக்டரிடம் ஒரு இருமுனைப் பென்சில் இருந்தது. ஒரு முனை நீலம், ஒரு முனை சிவப்பு. நீலம் என்றால் நோய். சிவப்பு என்றால் ஹிஸ்டீரியா. நோயாளி சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். தூங்கிவிட்டார் என்று நினைத்து அவர்கள் மறுபடி முதலிலிருந்து சொல்வார்கள். மூன்றாவது தடவையும் ஒரு சொல் மாறாமல் சொன்னால் கண்ணைத் திறந்து நீலத்தை எடுப்பார். கூட்டிக் குறைத்துச் சொன்னால் பென்சில் திரும்பும். மயங்கிக் கிடப்பவர்களுக்கு வேறு பரீட்சை. கையைத் தூக்கி மூக்குக்கு நேராக விடுவார். நிஜ மயக்கம் என்றால் கை மூக்கிலேயே விழும். ஹிஸ்டீரியா என்றால் கை கொஞ்சம் ஒதுங்கி, மூக்கைக் காப்பாற்றிக்கொண்டு விழும். இது ஊரெல்லாம் பரவிவிட்டது. அன்னவாசல் பக்கத்திலிருந்து மயங்கி வந்த ஒரு பெண்ணின் காதில் கூட வந்தவள், "மூக்குலயே விழட்டும்டி, ஒதுங்கிப்புடாத" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். மயக்கத்தில் இருந்தவள் தலையை ஆட்டினாள்.

சிவப்புக்கு வைத்தியமும் தயாராக இருக்கும். முதலில் அம்மோனியா பாட்டிலை மூக்கில் காட்ட வேண்டும். எழாவிட்டால் பெருங்காய நாற்றம் அடிக்கும் ஒரு மிக்சர். அதற்கும் மசியாவிட்டால் வெறும் டிஸ்டில்டு வாட்டரை ஊசியில் ஏற்றிப் போடுவோம். அது மருந்து ஊசியை விட வலிக்கும், வலித்தால் நல்ல ஊசி என்பது ஜனங்களின் கணக்கு. கடைசியாக பேட்டரி. மரப் பெட்டி, அதில் ஒரு கைப்பிடி, இரண்டு வயர், வயர் முனையில் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. கைப்பிடியைச் சுற்றினால் சுருக்கென்று மின்சாரம் பாயும். கால் விழுந்தவர்கள் எழுந்து ஓடியதைப் பார்த்திருக்கிறேன். குணமாகி ஓடினார்களா, பேட்டரிக்குப் பயந்து ஓடினார்களா என்று ரிஜிஸ்டரில் எழுத இடமில்லை.

எங்களுக்குப் போட்டியும் உண்டு. ஊர்க் கோடாங்கி இதே நோயாளிகளைச் சாட்டையால் அடித்துக் குணமாக்கிக்கொண்டிருந்தார். எங்கள் கிறிஸ்தவப் பக்கமும் சளைத்தவர்கள் இல்லை; கோயில் கொடிமரத்தில் கட்டிவைத்து ஜெபம் சொல்வார்கள். உடுக்கும் பேட்டரியும் ஜெபமாலையும் ஒரே ஆளின் மேல் ஒரே வாரத்தில் பிரயோகமாகி, பிழைத்துக்கொண்டால் மூன்று கட்சியும் வெற்றி விழா கொண்டாடும்.

இன்னொரு விஷயம். கெஜட்டட் ஆபீசர்களுக்கு ஹிஸ்டீரியா வரவே வராது. பக்கத்துக் கோர்ட்டு ஜட்ஜான முன்சீப்புக்கு ஒற்றைத் தலைவலி வந்தது. விசாரணை நாட்களில் வரும், தீர்ப்பு எழுத உட்கார்ந்தால் அதிகமாகும், விடுமுறைக்கு மாமனார் வீட்டுக்குப் போனால் போய்விடும். இதே கதையை ஒரு களையெடுக்கிற பெண் சொல்லியிருந்தால் டாக்டர் ஒரு கண்ணைக்கூட மூடியிருக்க மாட்டார். முன்சீப்புக்கு நரம்புத் தளர்ச்சி என்று நீலத்தில் எழுதி, நாற்காலி போட்டு உட்காரவைத்து, டானிக் கொடுத்து அனுப்பினார்.

டாக்டரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வந்த இரண்டாம் வருஷம், பிள்ளை பெற்ற எட்டாம் நாள் ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்திருந்தது. மாமியாரோடு சண்டையாம். டாக்டர் சிவப்பில் எழுதினார். நான் அம்மோனியா பாட்டிலைக் காட்டினேன். மறுநாள் ஜன்னல் கதவு அடித்த சத்தத்துக்கு அவள் உடம்பு மொத்தமும் முறுக்கிக்கொண்டதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ரண ஜன்னி, இப்போது டெட்டனஸ் என்கிறார்களே, அது. மூன்றாம் நாள் செத்துப்போனாள். டாக்டர் ரிஜிஸ்டரை வரவழைத்து, சிவப்புக்கு மேலேயே நீலத்தில் எழுதினார். அது இரண்டும் இல்லாத ஒரு நிறத்தில் நின்றது. அதற்குப் பிறகு ஒரு வருஷம், பல்வலி என்று வந்தவர்களின் உள்ளங்காலில்கூட முள் குத்தியிருக்கிறதா என்று பார்த்தார். அந்தப் பெண்ணின் மூக்கில் அம்மோனியா காட்டியது என் கை. அதற்காக நான் இன்னும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டிருக்கிறேன்.

இனி கருப்பையாவின் கேஸ்.

கருப்பையா முன்சீப் கோர்ட்டு டவாலி. வெள்ளைச் சட்டைக்குக் குறுக்கே சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் போட்டுக்கொண்டு, வழக்கு எடுக்கும்போது வராந்தாவில் நின்று கட்சிக்காரர் பெயரை மூன்று தடவை கூப்பிடுவது அவர் வேலை. மூன்றாவது கூப்பாட்டுக்கும் ஆள் வராவிட்டால் வழக்கு போச்சு. கட்சிக்காரர்கள் யாரும் வராந்தாவில் உட்காரக் கூடாது என்று ஹெட்கிளார்க் உத்தரவு போட்டிருந்ததால், எல்லோரும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புளிய மரத்தடியில் காத்திருப்பார்கள். அவர்களுக்கும் நீதிக்கும் நடுவில் இருந்தது கருப்பையாவின் தொண்டை மட்டும்தான். அது சாதாரணத் தொண்டை அல்ல. எங்கள் வார்டில் காய்ச்சல் வேகத்தில் கிடந்தவர்கள்கூட அவர் குரலைக் கேட்டு "இருக்கேன்யா" என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தத் தொண்டை ஒரு நாள் நின்றுபோனது. மனைவி பொன்னம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் பேசுனாருங்க சிஸ்டரம்மா. காலையில டீத்தண்ணி குடுத்தேன், குடிச்சாரு. பேசுறதுக்கு வாயைத் தொறந்தாரு, வெறுங்காத்துதான் வந்துச்சு."

டாக்டர் கண்ணை மூடவில்லை. மூடிக் கேட்பதற்கு எதுவுமில்லை. சின்னக் கண்ணாடியை ஸ்பிரிட் விளக்கில் லேசாகச் சூடாக்கி, நாக்கைக் காஸ் துணியால் பிடித்து இழுக்கச் சொல்லி, தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். புண் இல்லை, கட்டி இல்லை, வீக்கம் இல்லை. "இருமுய்யா" என்றார். கருப்பையா இருமினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"குரல் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். ஆளுதான் அதை எங்கேயோ வச்சுட்டு வந்துட்டாரு" என்றார் டாக்டர். பென்சில் திரும்பியது.

அம்மோனியாவுக்கு அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. மிக்சரை மடமடவென்று குடித்தார். ஊசிக்கு அசையவில்லை. நான்காம் நாள் பேட்டரி. தொண்டையின் இரண்டு பக்கமும் பஞ்சை நான் பிடித்துக்கொள்ள, டாக்டர் கைப்பிடியைச் சுற்றினார். கருப்பையாவின் முகம் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் மட்டும் வரவில்லை. டாக்டருக்கு ரோஷம் வந்து பஞ்சைத் தானே வாங்கி, கம்பவுண்டரை வேகமாகச் சுற்றச் சொன்னார். உப்புத் தண்ணீர் அவர் விரலில் வழிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. "அய்யோ அம்மா!" என்ற அலறல் கேட்டு கோர்ட்டு வராந்தாவிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அன்றைக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் குரல் வந்தது டாக்டருக்குத்தான்.

ஐந்தாம் நாள் கோர்ட்டிலிருந்து மெமோ வந்தது. மேற்படி சேவகர் வேலைக்குத் தகுதியா, தகுதியில்லையா, அல்லது பாசாங்கு செய்கிறாரா என்று பதினைந்து நாளில் தெரிவிக்கவும். தகுதியில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பாசாங்கு என்றால் டிஸ்மிஸ். குரல் இல்லாத டவாலி தகுதி என்று யாரும் எழுத முடியாது. பொன்னம்மாவுக்கு ஐந்து பிள்ளைகள்.

"நடிக்கிறாருன்னு மட்டும் எழுதிப்புடாதீங்கம்மா. வீட்டுல உப்பு இல்லைங்கிறதையே நாலு தரம் ஜாடை காட்டிட்டு, எனக்குப் புரியலைன்னா உப்பில்லாமத் திங்கிறாரு. அந்த மனுசனா நடிப்பாரு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கோடாங்கி வந்து, உச்சி வெயிலில் புளிய மரத்தைப் பார்த்துக் கத்தியதால் முனி நாக்கைக் கட்டிவிட்டது என்று சொல்லி ஒரு கருப்புச் சேவலுக்கு ஏற்பாடு செய்திருந்தார். எங்கள் மாதா கோயில் உபதேசியாரும் மந்திரித்த எண்ணெய் கொண்டுவந்தார். கருப்பையா எல்லாவற்றையும் மறுப்பில்லாமல் விழுங்கினார்.

அவரை வராந்தாக் கட்டிலில் போட்டிருந்தோம். அங்கிருந்து கோர்ட்டு நன்றாகக் கேட்கும். தினமும் பதினொரு மணிக்குப் பதில் ஆள் ஒருவன் கீச்சுக் குரலில் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்ததும் கருப்பையா சுவர்ப்பக்கம் திரும்பிப் போர்வையால் காதை மூடிக்கொள்வார். உடம்பு தெப்பமாக வேர்க்கும். நான் அதை சார்ட்டில் எழுதினேன். டாக்டர் பார்த்துவிட்டு மலேரியாவாக இருக்கலாம் என்று கொயினா எழுதினார். பதினொரு மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்துக்கொள்ளும் மலேரியாவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஒன்பதாம் நாள் வெளிநோயாளிகள் வரிசையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். பெயர் வெள்ளையம்மா, கந்தர்வக்கோட்டைப் பக்கம். உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"காது மந்தமாப் போச்சு தாயி. மருந்து ஊத்தி விடு."

என் கைக்கடிகாரத்தை அவர் காதுக்குப் பின்னால் பிடித்தேன். "டிக்கு டிக்குங்குது" என்றார். வரிசையின் கடைசியில் இருவர் குசுகுசுத்ததையும் திருப்பிச் சொன்னார். என் காதை விட நல்ல காது.

"காது நல்லாத்தானே ஆத்தா இருக்கு? யாரு மந்தம்னு சொன்னா?"

"யாரும் சொல்லலை. நானாத்தான் கண்டுபிடிச்சேன். எங்க முந்திரிக் கொல்லைக்கு வழக்குப் போட்டிருந்தேன் தாயி. அவரு செத்த பொறவு கொழுந்தன் வேலி போட்டுக்கிட்டான். வாய்தா அன்னைக்கு வக்கீலு புதுக்கோட்டைக்குப் போயிட்டாரு. பேரைக் கூப்பிட்டா உள்ள போயிக் கும்பிட்டு நாள் கேளுன்னாரு. வெடியக்காலையிலேருந்து புளிய மரத்தடியில உக்காந்திருந்தேன். ஒண்ணுக்குக்கூட எந்திரிச்சுப் போகலை. எம் பேரு காதுல விழவேயில்லை. பொழுது சாயப் போயிக் கேட்டா, கூப்பிட்டாச்சு, நீ வரலை, கேசு தள்ளுபடின்னுட்டாங்க."

"டவாலியைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'மூணு தரம் கூப்பிட்டேன் ஆத்தா'ன்னாரு. அந்த மனுசன் கூப்பிட்டா கம்மாக்கரை வரைக்கும் கேக்கும். பொய் சொல்ற ஆளும் இல்லை. அப்ப எங் காதுதானே பழுது?"

கொல்லையைப் பறிகொடுத்த மனுஷி கோர்ட்டைத் திட்டவில்லை, கொழுந்தனைத் திட்டவில்லை, தன் காதுக்கு மருந்து கேட்டு வந்து நிற்கிறார். வராந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். கருப்பையா கட்டிலில் இல்லை. கட்டிலுக்கு அடியில் இருந்தார்.

அவரை வெளியே வரச் சொல்லி, டிரஸ்ஸிங் ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். "அண்ணே, அந்த ஆத்தா பேரைக் கூப்பிட்டீங்களா?" தலையை ஆட்டினார். "மூணு தரமா?" ஆட்டினார். "சத்தமாவா?" அவர் ஆட்டவில்லை. வலது கையைக் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினார். யாரோ அப்படிச் செய்யச் சொன்ன ஜாடை. பிறகு காதில் பேனா செருகி, மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளும் ஜாடை. அது ஹெட்கிளார்க் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டேன். நெற்றிப் பொட்டில் இரண்டு விரலை வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் காட்டினார்.

முன்சீப்பின் தலைவலி.

டானிக் பாட்டிலோடு முன்சீப்புக்கு ஒரு சீட்டும் போயிருந்தது. டாக்டர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன், என் எழுத்து அழகு என்பதற்காக. வெளிச்சம் குறைவாக இருக்க வேண்டும், காபி கூடாது, பக்கத்தில் பலத்த சத்தம் ஆகாது. முன்சீப் அதை ஹெட்கிளார்க்கிடம் கொடுத்தார். ஹெட்கிளார்க் உடனே நிறைவேற்றிவிட்டார். கோர்ட்டில் பலத்த சத்தம் என்பது கருப்பையா ஒருவர்தானே. அன்றைக்கு அவர் வெள்ளையம்மாவின் பெயரை மூன்று தடவை, தன் சட்டைப் பித்தானுக்குக் கேட்கும்படி கூப்பிட்டார். சாயங்காலம் அந்த அம்மா முகத்துக்கு முன்னால், கூப்பிட்டேன் என்றும் சொன்னார். அது பொய்யும் இல்லை. குரல் போவதற்கு முன்னால் அவர் பேசிய கடைசி வாக்கியம் அதுதான்.

டாக்டரிடம் சொன்னேன்.

"தலைவலிக்குச் சத்தம் ஆகாதுன்னு புத்தகத்துலயே இருக்கே சிஸ்டர்."

"இருக்குங்க டாக்டர். அந்த ஆத்தாவுக்குக் கொல்லை இல்லை, இவருக்குக் குரல் இல்லை. அதுவும் இருக்கு."

கண்ணை மூடிக்கொண்டார். நான் மறுபடி முதலிலிருந்து சொல்லவில்லை. அவராகவே, "பேட்டரியை உள்ளே வைங்க. பென்சாயின் ஆவி குடுங்க. தொண்டையில உள்ளுக்குள்ள புண்ணு இருந்துச்சு, ஆறிக்கிட்டு வருதுன்னு சொல்லுங்க. நடிச்சவன்னு பேரு இல்லாமத் திரும்பி வர்றதுக்கு மனுசனுக்கு ஒரு வழி வேணும்" என்றார். கோர்ட்டு மெமோவுக்கு அன்றே பதில் எழுதினார். நோய் உண்மை, பாசாங்கு அல்ல, குணமாகும், அவகாசம் தேவை. முன்சீப்போடு சாயங்காலம் டென்னிஸ் ஆடுகிறவர் அதை எழுதியது சின்ன விஷயம் இல்லை. காரணம் என்ற இடத்தில் மட்டும் கோடு போட்டிருந்தார்.

இன்றைய பிள்ளைகளுக்காக வைத்தியத்தை எழுதிவிடுகிறேன். காலையும் மாலையும் ஆவி. ஆவி பிடித்ததும் இருமச் சொல்வேன். இருமலின் வாலைப் பிடித்து "ம்" என்று நீட்டச் சொல்வேன். "ம்" வந்ததும் "மா". இருமலில் வருகிற சத்தம் தன்னுடையதுதான் என்று அவருக்கே தெரிய வேண்டும், அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது, உனக்குப் பேச வரும், எனக்குத் தெரியும் என்று மடக்கக் கூடாது. நான்கு நாளில் காற்றுக் குரலில் பேச ஆரம்பித்தார். அதற்கு மேல் ஏறவில்லை. காற்றுக் குரலில் அவர் முதலில் கேட்டது, "அந்த ஆத்தா இன்னும் காதுக்கு வருதா?"

வந்துகொண்டுதான் இருந்தார். காதில் குறை இல்லை என்று நான் எவ்வளவு சொன்னாலும், "அப்ப எப்படித் தாயி கேக்காமப் போச்சு?" என்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நான் இல்லை என்று பட்டது. ஒரு காலை, கருப்பையாவை அந்த பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

கருப்பையா தரையைப் பார்த்துக்கொண்டார். பிறகு காற்றுக் குரலில் என்னவோ சொன்னார்.

"என்னய்யா? சத்தமாச் சொல்லு. எனக்குக் காது மந்தம்" என்றார் வெள்ளையம்மா.

மறுபடி சொன்னார். உதடுதான் அசைந்தது.

"கேக்கலைய்யா. கம்மாக்கரைக்குக் கேக்குற தொண்டைதானே ஒனக்கு? எங் காதுக்கு எட்ட மாட்டேங்குதே, பாவி நான்" என்று அந்த அம்மா தன் காதிலேயே அடித்துக்கொண்டார்.

கருப்பையா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "அடிக்காத ஆத்தா! ஒன் காதுல ஒண்ணும் இல்லை! நாந்தான் மெதுவாக் கூப்பிட்டேன்! மெதுவாக் கூப்பிடச் சொன்னாங்க, கூப்பிட்டேன்!"

அந்தக் குரல் மூன்று வாரம் அடைபட்டுக் கிடந்த குரல். மணி பதினொன்றே கால். சுவருக்கு அங்கிட்டுக் கோர்ட்டு நடந்துகொண்டிருந்தது. வக்கீல்கள் வாதத்தை நிறுத்தினார்கள் என்றும், முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார் என்றும், ஹெட்கிளார்க் அவசரமாக ஒரு பைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார் என்றும் பிறகு சொன்னார்கள். பொன்னம்மா ஓடிவந்து, புருஷன் குரலைக் கேட்டு அழுது, அவர் என்ன சொன்னார் என்று தெரிந்ததும் இன்னும் அதிகமாக அழுதார். நானும் அழுதேன். இரக்கம் காட்டக் கூடாது என்று படித்த பாடம் அன்றோடு போனது.

வெள்ளையம்மா மட்டும் அழவில்லை. "அப்ப எங் காது நல்லாயிருக்கு" என்றார். அதை இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து நேரே வக்கீல் வீட்டுக்கு நடந்தார்.

வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனு போட்டார்கள். கருப்பையா சாட்சி சொல்வதாகக் கையெழுத்துப் போட்ட மறுநாளே சஸ்பெண்ட் ஆனார். மெதுவாகக் கூப்பிட்டது கடமை தவறியதாம். ஹெட்கிளார்க், அப்படி ஒரு உத்தரவே நான் போடவில்லை என்றார். ஆனால் குமாஸ்தா புத்தி அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. முன்சீப்பின் தலைவலிக்கும் அவர் ஒரு பைல் போட்டு, என் சீட்டை அதில் பத்திரமாகக் கோத்து வைத்திருந்தார். வெள்ளையம்மாவின் வக்கீல் அந்தப் பைலைக் கேட்டு மனுச் செய்து, என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார்.

டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். எனக்கு அவர் நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை.

"ஒரு நாளைக்கு எவ்வளவோ சீட்டு எழுதுறோம். எதுன்னு ஞாபகமில்லைன்னு சொன்னா யாரும் தப்பாச் சொல்ல மாட்டாங்க சிஸ்டர். கோட்டைப்பட்டினத்துல ஒரு நர்ஸ் இடம் காலியா இருக்காம். கடல் காத்து உடம்புக்கு நல்லதுன்னு மேலேருந்து யாராவது ஒங்களை நெனைச்சுரப் போறாங்க."

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வழக்கு திரும்ப எடுக்கப்பட்டது. கட்சிக்காரரின் குற்றமின்றி அழைப்பு எட்டவில்லை என்று ஒரே வரியில் உத்தரவு. யாருடைய குற்றம் என்று எழுதவில்லை. அதை முன்சீப் அன்றைக்கே எழுதி முடித்தார், தலைவலி இல்லாமல். கொல்லையில் பாதி வெள்ளையம்மாவுக்கு வந்து சேர இன்னும் இரண்டு வருஷம் ஆனது. கருப்பையாவை வேலையில் சேர்த்துக்கொண்டார்கள், ஒரு கண்டிப்பு மெமோவோடு. நான் கோட்டைப்பட்டினத்தில் ஆறு வருஷம் இருந்தேன். கடல் காற்று நல்லதுதான்.

ஆனால் இதை எழுதச் சொன்ன மனநல டாக்டரின் பசங்களுக்கு வேண்டியது இதெல்லாம் அல்ல. அந்த நோய் எப்படி வருகிறது என்பதுதான். அதை நான் சாட்சி சொன்ன நாளில்தான் தெரிந்துகொண்டேன்.

காலையிலிருந்து கோர்ட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கருப்பையா சாட்சி சொல்லி இறங்கிக் கதவோரம் நின்றார், டவாலிப் பட்டை இல்லாத வெறும் சட்டையில். ஞாபகமில்லை என்று சொல்வதா, என்னுடையது என்று சொல்வதா என்று எனக்கு அப்போதும் முடிவாகவில்லை. வாயில் எச்சில் இல்லை. தொண்டையில் ஒரு உருண்டை ஏறி நின்றது. அப்படி ஒரு உருண்டை என்று சொன்ன எத்தனை பெண்களுக்குச் சிவப்புப் போட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். விழுங்கிப் பார்த்தேன், போகவில்லை. பதில் ஆள் எங்கேயோ போயிருந்தான். முன்சீப் தலையைத் தூக்கி வராந்தாப் பக்கம் பார்த்தார்.

"கருப்பையா, அடுத்த சாட்சியைக் கூப்பிடு."

சஸ்பெண்டில் இருப்பவர் கூப்பிடலாமா என்று பிறகு இரண்டு வக்கீல்களிடம் கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கருப்பையா யாரையும் கேட்கவில்லை. நான் பத்தடி தூரத்தில், அவர் கண் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் வராந்தாவுக்குப் போய், ரோட்டைப் பார்த்து நின்று, "ஆரோக்கியமேரீ!" என்று கூப்பிட்டார். முதல் கூப்பாட்டிலேயே எழுந்துவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. சுவருக்கு இங்கிட்டு எங்கள் வார்டில் யாரோ "சிஸ்டர் அங்கிட்டு இருக்காங்கய்யா" என்று பதில் சொன்னது கேட்டது. மூன்றையும் முழுசாகக் கூப்பிட்டு முடித்தார்.

கூண்டில் ஏறினேன். வக்கீல் சீட்டை என் கையில் கொடுத்து, இது யார் எழுத்து என்று கேட்டார். வாயைத் திறந்தேன். பொன்னம்மா சொன்னது போலவே, வெறுங்காற்றுதான் வந்தது. நான் நடிக்கவில்லை. சத்தியமாக நடிக்கவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன், தொண்டை எனக்குச் சொந்தமாக இல்லை. அந்த அரை நிமிஷத்துக்குள் இருமிப் பார்த்தேன். இருமல் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னுடையது" என்றேன்.

முன்சீப் குனிந்து, "கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லுங்கள் சிஸ்டர்" என்றார்.

சத்தமாகச் சொன்னேன். புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மா எழுந்து நின்றார்.